பட்டிக்குக் கீழே ஒரு கான்டெஸா

திருநெல்வேலிப் பக்கம் பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் இன்ஜினைத்தான் கேட்கிறார்கள். வண்டி இத்தனை வருஷமும் எந்த ஊரில் நின்றது என்று யாரும் கேட்பதில்லை. இன்ஜினைப் பிரித்துக் கட்ட ஜங்ஷனிலோ வண்ணாரப்பேட்டையிலோ ஆள் கிடைப்பார்கள். பிஸ்டன் தேய்ந்தால் போர் பண்ணிக்கொள்ளலாம், கியர் பெட்டி சத்தம் போட்டால் இன்னொன்று தேடலாம். தகரம் போனால் அப்படிச் சுலபமாகத் தீராது. அதைக் கடையில் வாங்கி மாட்ட முடியாது, ஒவ்வொரு துண்டாக வெட்டி, வளைத்து, நாமே செய்ய வேண்டும்.

உவரி, திருச்செந்தூர், காயல்பட்டினம் என்று கடலோரம் நின்ற வண்டிக்கு உப்புக் காற்று. இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் போதும். அந்தத் தண்ணீரில் உப்பும் சேர்ந்தால் மின்சாரம் நன்றாகக் கடத்தும், துரு பல மடங்கு வேகமாக ஏறும். மேற்கே தென்காசி, செங்கோட்டை பக்கம் உப்பு கிடையாது, சாரல் உண்டு. குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு அது சுகம். தகரத்துக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. கொட்டி ஓய்கிற மழை பரவாயில்லை, மறுநாள் வெயிலில் காய்ந்துவிடும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை நனைந்தது காய்வதற்குள் மறுபடி நனைந்தால் என்ன ஆகும்? நடுவில் மானூர், கயத்தாறு, நாங்குநேரி எல்லாம் வறண்ட பூமி. பெயிண்ட் வெளுத்திருக்கும், ரப்பர் பீடிங் வெடித்திருக்கும், ஆனால் தகரம் பிழைத்திருக்கும். நாங்குநேரி வண்டி கிடைத்தால் பார்வைக்கு எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

2023 டிசம்பருக்குப் பிறகு இன்னொரு கேள்வியும் சேர்ந்துவிட்டது. அந்த மாதம் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி ஜங்ஷன் வரை ஏறி வந்தது. அப்படி மூழ்கி எழுந்த வண்டிக்கு சீட்டு உறை மாற்றி, பாலிஷ் போட்டுவிட்டால் வெளியே எதுவும் தெரியாது. கதவுக்குள்ளும், கதவுக்குக் கீழே ஓடுகிற ரன்னிங் போர்டுப் பெட்டிக்குள்ளும் ஆற்று வண்டல் உட்கார்ந்திருக்கும். வயலுக்கு அது நல்ல உரம். தகரப் பெட்டிக்குள் போனால் மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். நுனியில் சேற்றுக் கோடு தெரிந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

என்னுடைய கான்டெஸா உடன்குடி வண்டி. கடலோர வண்டி என்று தெரிந்தேதான் வாங்கினேன். நாங்குநேரியில் கான்டெஸா கிடைக்கவில்லை, அவ்வளவுதான் காரணம்.

கான்டெஸாவை இந்தியாவின் மசில் கார் என்று சொல்லிக்கொள்கிறோம். அமெரிக்காவில் அந்தப் பட்டத்துக்கு ஒரு கணக்கு உண்டு: நடுத்தர அளவுக் காரில் பெரிய வி8 இன்ஜின் இருக்க வேண்டும். 1964-ல் வந்த போன்டியாக் ஜிடிஓவில் 6.4 லிட்டர் இன்ஜின், 325 குதிரைத்திறன். 1984-ல் வங்காளத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து வந்த நம்முடைய கான்டெஸாவுக்குள் இருந்தது 1489 சிசி இன்ஜின். அம்பாசடருக்கு இருந்த அதே குடும்பத்து இன்ஜின்தான், ஐம்பது குதிரைத்திறன் அளவுக்கு. உடம்பு பிரிட்டனின் வாக்ஸால் காருடையது. 1972-ல் விக்டர் என்ற பெயரில் வந்து, 1976-ல் வி.எக்ஸ். என்று பெயர் மாறி, 1978-ல் அங்கே நின்றுபோன வடிவம். 1980களின் பிற்பகுதியில் 1.8 லிட்டர் இசுசு இன்ஜினும் ஐந்து கியரும் வந்த பிறகுதான் அந்த உடம்புக்குக் கொஞ்சம் நியாயம் கிடைத்தது. 2002-ல் மொத்தமாக நிறுத்திவிட்டார்கள்.

ஆக, கான்டெஸாவின் மசில் எல்லாம் தகரத்தில்தான் இருக்கிறது. நீண்டு போகிற பானட், கட்டில் போடலாம் போல டிக்கி, பின்கதவுக்கு மேலே லேசாக எழும்புகிற இடுப்பு. இந்தக் கோடுகளைக் கோட்டைவிட்டால் மிச்சம் இருப்பது பெட்ரோல் குடிக்கிற ஒரு பெரிய பழைய கார். அதனால்தான் இன்ஜினை அப்படியே வைத்துவிட்டு முதலில் உடம்பில் கை வைத்தேன். ஊரில் எல்லாரும் தலைகீழாகச் செய்கிறேன் என்றார்கள்.

வீரவநல்லூரில் எங்கள் வீட்டுப் புறவாசலில் பழைய மாட்டுத் தொழு காலியாகக் கிடந்தது. ஓடு மாற்றி, தரைக்கு சிமென்ட் போட்டு, வண்டியை உள்ளே தள்ளியாயிற்று. உதவிக்கு ஒரு டிங்கர் அண்ணாச்சி. திருநெல்வேலியில் பட்டறை வைத்திருந்து, இப்போது பையன்களிடம் விட்டுவிட்டு, பிடித்த வேலைக்கு மட்டும் வருகிறவர். வந்த அன்று காந்தத்தை எடுத்து வண்டியைச் சுற்றி வந்தார். பானட்டில் ஒட்டியது. மட்கார்டு மேல் பாதியில் ஒட்டியது, கீழ்ப் பாதியில் வைத்தால் கையோடு வந்தது. காந்தம் தகரத்தில் ஒட்டும், பள்ளத்தை நிரப்பிப் பூசுகிற பட்டியில் ஒட்டாது.

“தம்பி, இது கார் இல்ல. பட்டியில செஞ்ச சிலை.”

கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டிச் சுரண்டினோம். பின்சக்கரத்து வளைவில் விரல் கனத்துக்குப் பட்டி. அதன் அடியில் செய்தித்தாள், சிமென்ட் சாக்கு, கொசுவலைத் துண்டு. ஓட்டையை அடைக்க எதையோ திணித்து, மேலே பட்டி இழுத்து, உப்புத்தாள் போட்டு, பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அதை யாரோ ஒரு கெட்டிக்காரர் செய்திருக்கிறார், ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் வளைவு அவ்வளவு ஒழுங்கு. ஒரு தலைமுறை டிங்கரிங் முழுக்க இந்தத் திறமைக்குத்தான் செலவாகியிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை வண்டியை விட்டு ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குக் கேட்கிறவனுக்கு வேறு என்ன செய்து கொடுப்பார்கள்?

இனி விஷயத்துக்கு வருகிறேன். துரு எங்கிருந்து தொடங்குகிறது? வெளியில் விழுந்த கீறலிலிருந்து என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கீறல் துரு பார்வைக்குத் தெரியும், தேய்த்து எடுத்துவிடலாம். வண்டியைத் தின்கிற துரு உள்ளிருந்து வெளியே வருவது. கதவுக் கண்ணாடி ஓரமாக இறங்குகிற மழைத்தண்ணீர் கதவுக்குள்தான் போகும். எந்தக் காரிலும் அப்படித்தான், அதைத் தடுக்க முடியாது. அதற்காகத்தான் கதவின் அடி விளிம்பில் சின்னச் சின்னத் துளைகள் விட்டிருப்பார்கள். ரன்னிங் போர்டுக்கும் உண்டு, டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கிற குழிக்கும் உண்டு. குளத்துக்குக் கரை எவ்வளவு பலமாக இருந்தாலும் மடையும் கலிங்கும் அடைந்துவிட்டால் என்ன ஆகும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். காரும் அதே கணக்குதான். என் வண்டியில் அந்தத் துளைகள் அத்தனையும் அடைந்திருந்தன. பாதி மண்ணால், பாதி பழைய பட்டியால். துருவைச் சரிசெய்கிறேன் என்று தண்ணீர் போகிற வழியையே பூசி மூடியிருக்கிறார்கள்.

இந்த வேலையில் எனக்குப் புரிந்தது இது ஒன்றுதான்: தண்ணீர் உள்ளே வருவதைத் தடுக்கப் போராடுவதைவிட, வந்த தண்ணீர் வெளியே போக வழி விடுவது முக்கியம். வெல்டிங், பட்டி, பிரைமர், பெயிண்ட் என்று எதை எடுத்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். அண்ணாச்சிக்கு ஆரம்பத்தில் இது பிடிக்கவில்லை. “கார தண்ணியில போட்டா ஓட்டுதீரு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கான்டெஸாவுக்கு லாரி மாதிரி தனிச் சேஸிஸ் கிடையாது. உடம்பேதான் எலும்பு. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடுகிற ரன்னிங் போர்டு வெறும் அலங்காரம் இல்லை, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிற பெட்டி அது. அதை நேராக வெட்டி எடுத்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்த நிலையில் புதுத் தகரம் வைத்து வெல்டு அடித்தால் அந்தக் கோணல் நிரந்தரம், அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் ஒழுங்காகச் சாத்தாது. அதனால் வெட்டுவதற்கு முன் வண்டியை மட்டம் பார்த்து ஸ்டாண்டில் நிறுத்தி, கதவுத் திறப்புகளில் ஸ்கொயர் பைப்பைக் குறுக்காக வைத்து, அங்கங்கே புள்ளி வெல்டு (டேக்) போட்டுக் கட்டினோம். மூலைக்கு மூலை டேப் பிடித்து அளவைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதி வைத்தோம். ஒரு பக்கம் முழுக்க முடிந்து அளவு சரிபார்த்த பிறகுதான் அடுத்த பக்கம். பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே வைத்தாயிற்று. பேட்டரி கம்பியும் ஆல்டர்னேட்டர் கம்பியும் பிரித்தாயிற்று. காலி டேங்க்தானே என்று அலட்சியமாக இருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நிறைந்த டேங்கைவிட ஆவி மட்டும் இருக்கிற காலி டேங்குதான் வெடிக்கும்.

ஆலையில் போட்ட ஸ்பாட் வெல்டுகள் தகரத்தில் சின்ன வட்டக் குழிகளாகத் தெரியும். ஒவ்வொன்றையும் 8 மில்லிமீட்டர் பிட்டால் மேல் தகரம் மட்டும் போகும்படி துளைத்து, உளியால் பிரிக்க வேண்டும். பொறுமை வேலை. உளியை ஆத்திரத்தில் அடித்தால் கீழ்த் தகரமும் கிழியும். பிரித்து எடுத்த பழைய துண்டு எவ்வளவு மக்கியிருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். புதுத் தகரம் வளைக்க அதுதான் அச்சு. கான்டெஸாவுக்குப் புதிதாக ரன்னிங் போர்டு செய்து விற்க எங்கள் பக்கம் எந்தக் கடையும் இல்லை.

தகரத்தில் ஒரு சண்டை வந்தது. துருவே பிடிக்காது என்று அண்ணாச்சி துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் வாங்கச் சொன்னார். நான் பூச்சு இல்லாத சி.ஆர். ஷீட்டில் நின்றேன். ஜி.ஐ. தகரத்தில் வெல்டு வைத்தால் மேலே உள்ள துத்தநாகம் புகையாக எழும். அதைச் சுவாசித்தால் அன்று ராத்திரியே காய்ச்சலும் நடுக்கமும் வரும். வெல்டு வைத்த இடத்தில் பூச்சும் எரிந்துபோகும், எங்கே பாதுகாப்பு தேவையோ அங்கேயே இருக்காது. அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பட்டறையில் அவருக்கு ராத்திரி ராத்திரி வந்த காய்ச்சலுக்கெல்லாம் இப்போதுதான் காரணம் தெரிகிறது என்றார். கடைசியில் வெளித் தகரத்துக்கு 20 கேஜ், அதாவது 0.9 மில்லிமீட்டர். தரைக்கும் உள்பெட்டிக்கும் 18 கேஜ், 1.2 மில்லிமீட்டர். ஒட்டுகிற இரண்டு முகத்திலும் ஜிங்க் பிரைமர்.

வெல்டிங்கில் காற்று எதிரி. ஆனி ஆடியில் இந்தப் பக்கம் அடிக்கிற மேல்காற்றைத் தெரியாதவர்கள் முப்பந்தலில் சுற்றுகிற காற்றாலைகளைப் போய்ப் பார்க்கலாம். மலைக் கணவாய்களின் வழியே புகுந்து வருகிற காற்று அது. சி.ஓ.2 வெல்டிங்கில் உருகிய இரும்பைச் சுற்றி கார்பன் டை ஆக்சைடு வாயு ஒரு போர்வை போட்டு ஆக்சிஜனை விலக்கி வைக்க வேண்டும். காற்று அந்தப் போர்வையைத் தள்ளிக்கொண்டு போய்விட்டால் வெல்டு பொடிப்பொடியாகத் துளை விட்டு உறையும். பார்த்தால் ஒட்டிப் பிடித்தது போலத் தெரியும், உலுக்கினால் விட்டுவிடும். தொழுவின் மேற்குப் பக்கம் முழுக்க ஓலைத் தட்டியும் தார்ப்பாயும் கட்டியும், காற்று கொஞ்சம் ஓய்கிற அதிகாலையில்தான் வெல்டு வைக்க முடிந்தது.

மெல்லிய தகரத்தில் ஒரே இழுப்பாக வெல்டு ஓட்டக் கூடாது. ஒரு புள்ளி இங்கே, அடுத்த புள்ளி ஒரு சாண் தள்ளி, மூன்றாவது மறுமுனையில், சூடு ஆறவிட்டு மறுபடி இடைவெளிகளில். அவசரப்பட்டால் தகரம் சுருங்கி இழுத்து அலை அலையாக எழும்பும். ஒட்டு போடுவதிலும் எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ஒரு தகரத்தின் மேல் இன்னொன்றை ஏற்றி வைத்து ஓரத்தை வெல்டு அடிப்பது சுலபம், பட்டறைகளில் அதுதான் வழக்கம். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு இடுக்கு விழும். தண்ணீர் அங்கே ஏறி உட்கார்ந்தால் இறங்கவே இறங்காது. அதனால் வெளித் தகரம் எல்லாம் விளிம்போடு விளிம்பு. இடைவெளியைத் தகரக் கனம் அளவுக்கு வைத்து வெட்டுவதற்கே ஒரு நாள் போகும் என்றாலும் பரவாயில்லை.

அண்ணாச்சியின் கை பேசத் தொடங்கியது வெல்டு முடிந்த பிறகுதான். இடது மட்கார்டில் பழைய இடி ஒன்று, உள்ளங்கை அகலத்துக்கு. நான் சுத்தியலை எடுத்துப் பள்ளத்தை அடியிலிருந்து தட்டப் போனேன். தடுத்துவிட்டார்.

“சுத்தியல டாலி மேல நேரா போட்டா நடுவுல தகரம் மெலியும் தம்பி. மெலிஞ்சா விரியும். விரிஞ்ச தகரத்த எங்கன கொண்டு வைப்பீரு?”

டாலி என்பது கைக்குள் அடங்குகிற வார்ப்புக் கட்டி. ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு வளைவில் இருக்கும். அதைப் பள்ளத்துக்கு நேர் அடியில் கொடுத்து அழுத்திக்கொண்டு, சுத்தியலை மேலே பள்ளத்தின் மேல் போடாமல், பள்ளத்தைச் சுற்றி எழும்பியிருக்கிற மேட்டில் போட்டார். மேடு இறங்க இறங்க, கீழே அழுத்திய டாலி பள்ளத்தைத் தானாக மேலே தள்ளியது. இடி விழுந்தபோது தகரம் எந்த வரிசையில் மடங்கியதோ, அதற்கு நேர் எதிர் வரிசையில் பிரிக்க வேண்டும் என்பது அவர் பாடம். கடைசியாக விழுந்த மடிப்பை முதலில் எடுக்க வேண்டும். அடியும் பலமான அடி இல்லை. மணிக்கட்டு மட்டும் அசைகிறது, சுத்தியல் தகரத்தில் பட்டுத் தானே எழும்புகிறது. சத்தத்தை வைத்தே டாலி மேல் விழுந்ததா பக்கத்தில் விழுந்ததா என்று சொல்லிவிடுவார். கண்ணாடி போடாமல் வேலை செய்கிறாரே என்று கேட்டால், கண் எதற்கு என்பார். தோளில் கிடக்கிற துண்டை மட்கார்டின் மேல் போட்டு, அதன் மேல் உள்ளங்கையைத் தடவுவார். வெறுங்கை தகரத்தில் ஒட்டி இழுக்கும், துணி இருந்தால் வழுக்கும், மேடு பள்ளம் மட்டும் தெரியும். நானும் தடவிப் பார்த்தேன், முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் தெரியத் தொடங்கியது. அது எப்படி என்று எழுத்தில் சொல்ல வராது.

பானட்தான் பெரிய சோதனை. அகலமான, கிட்டத்தட்டத் தட்டையான தகரம். நடுவில் ஒரு இடம் அழுத்தினால் டொக் என்று உள்ளே போகும், விட்டால் டொக் என்று வெளியே வரும். யாரோ முன்பு தட்டித் தட்டி அங்கே தகரத்தை விரித்துவிட்டிருக்கிறார்கள். விரிந்ததைச் சுருக்க நெருப்பு வேண்டும். அண்ணாச்சி கேஸ் டார்ச்சைச் சின்ன தீயாக வைத்து, ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு ஒரு புள்ளியைச் சிவக்கக் காய்ச்சினார். சூடான இடம் விரியப் பார்க்கும், சுற்றியிருக்கிற குளிர்ந்த தகரம் விடாது, அதனால் மேல்நோக்கிப் புடைக்கும். அந்தப் புடைப்பை அடியில் டாலி கொடுத்து மெல்லத் தட்டி இறக்கி, உடனே ஈரத்துணியால் ஒற்றினார். ஆறும்போது அந்த இடம் முன்பு இருந்ததைவிடச் சிறுத்துவிடுகிறது. இப்படிப் புள்ளி புள்ளியாக, நடுவே ஆறவிட்டு ஆறவிட்டு. மத்தியானத்துக்குள் டொக் சத்தம் போய்விட்டது. இந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இப்போதைய கார்களுக்கு மட்கார்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டிவிடுகிறார்கள், அதற்கு இன்சூரன்ஸும் பணம் கொடுக்கிறது. யாருக்கு டாலி வேண்டும்?

சின்னச் சாமான்களின் துருவுக்கு அண்ணாச்சியை எதிர்பார்க்க வேண்டாம். கதவுக் கீல், பானட் கொக்கி, பிராக்கெட்டுகளை எல்லாம் பிளாஸ்டிக் தொட்டியில் வாஷிங் சோடா கரைத்த தண்ணீரில் போட்டு, பேட்டரி சார்ஜரின் மைனஸைச் சாமானுக்கும் பிளஸ்ஸை ஒரு பழைய இரும்புத் தகட்டுக்கும் கொடுத்தேன். துரு உதிர்ந்துவிடும், நல்ல இரும்பு தேயாது. ஹைட்ரஜன் வரும் என்பதால் வெட்டவெளியில் செய்ய வேண்டும். பிளஸ் பக்கம் எவர்சில்வர் தட்டைப் போடவே கூடாது. அதிலுள்ள குரோமியம் விஷமாகத் தண்ணீரில் இறங்கும். பெரிய பகுதிகளில் தேய்த்தும் போகாத குழித்துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் தடவினால் துரு இரும்பு பாஸ்பேட்டாக மாறி நிலைக்கும். டேனிக் அமிலம் சேர்ந்த திரவமும் விற்கிறார்கள், அது துருவைக் கறுப்பாக்கும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சிய ஊர்தானே இது. அந்தக் கறுப்பும் இந்தக் கறுப்பும் ஒரே வேதியியல்தான்.

பட்டியே கூடாது என்று சொல்லவில்லை. எவ்வளவு நன்றாகத் தட்டினாலும் கடைசி மயிரிழைப் பள்ளத்துக்குப் பட்டி வேண்டும். ஆனால் 3 மில்லிமீட்டருக்கு மேல் போனால் தகர வேலை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். பட்டியை இறுக வைக்கிற ஹார்டனர் எடைக்கு 2 சதவீதம் போதும். கத்திரி வெயிலில் அதுவே கலக்கிக்கொண்டிருக்கும்போதே இறுகும், அதற்காகக் குறைத்தால் காயவே காயாது. சின்னச் சின்ன உருண்டையாகக் கலப்பதுதான் வழி. எனக்குக் கோபம் வருகிற விஷயம் வேறு. எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் பட்டியைத் தண்ணீர் ஊற்றி வாட்டர் பேப்பரில் தேய்க்கிறார்கள். தூசி பறக்காது, கைக்குச் சுகம். ஆனால் பட்டி தண்ணீரை உறிஞ்சும். அதன் மேல் பிரைமரும் பெயிண்டும் ஏறிவிட்டால் அந்த ஈரம் எங்கே போகும்? அடுத்த சித்திரையில் கொப்பளமாக எழும்பும். பட்டியை உலர்ந்த உப்புத்தாளில், 80 நம்பர் தாளில் தொடங்கி 120, 180 என்று மட்டும்தான் தேய்க்க வேண்டும், முகமூடி போட்டுக்கொண்டு. தண்ணீர்த் தாள் பிரைமருக்கு மேலே.

பிரைமரிலும் அதே கதை. ரெட் ஆக்சைடு அடித்துவிட்டால் இரும்பு பத்திரம் என்று நம்புகிறோம். வீட்டுக் கேட்டுக்கு அது சரி. ஆனால் அது ஈரத்தை உள்ளே விடும். ரெட் ஆக்சைடு அடித்த வண்டியை மழைக்காலம் முழுக்க வெளியில் போட்டுவைத்தால் அடியில் துரு நடந்துகொண்டே இருக்கும். வெறும் தகரத்தின் மேல் எபாக்சி பிரைமர்தான் அடித்தேன். அதற்கு மேல் நுண்ணிய கீறல்களை நிரப்புகிற சர்ஃபேசர், அதன் மேல் கறுப்புப் பெயிண்டைத் தூவினாற்போல ஒரு அடி. நீளமான மரக்கட்டையில் தாளைச் சுற்றித் தேய்த்தால் மேடான இடத்தில் கறுப்பு போய்விடும், பள்ளத்தில் நிற்கும். கதவு, மட்கார்டு, பின்மட்கார்டு மூன்றையும் மாட்டி வைத்தே தேய்க்க வேண்டும். தனித்தனியாகத் தேய்த்தால் ஒவ்வொன்றும் அழகாக இருக்கும், இடுப்புக் கோடு மட்டும் சேராது.

பெயிண்டுக்கு மாசி. ஐப்பசி கார்த்திகையில் அடைமழை, ஆனி ஆடியில் காற்று தூசியை அள்ளிக்கொண்டு வரும், சித்திரை வெயிலில் பெயிண்ட் தகரத்தில் விழும்முன்பே பாதி காய்ந்து சொரசொரப்பாகிவிடும். மாசியில் பனி இறங்கி வெயில் ஏறத் தொடங்கும் காலை நேரம் கச்சிதம். சிக்கல் என்னவென்றால் அம்மாவுக்கும் மாசிதான் கச்சிதம். கூழ் வற்றல் காய வைக்க அதே புறவாசல், அதே வெயில். உப்புத்தாள் தூசி வற்றலில் விழுந்த அன்று வீட்டில் என்ன நடந்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. தொழுவில் வேலை, மொட்டைமாடியில் வற்றல் என்று பாகப்பிரிவினை ஆனது.

வீட்டில் அடிக்க நான் எடுத்தது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட். பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட் அதைவிட உழைக்கும், பளபளப்பு கூடுதல், மறுக்கவில்லை. அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதை ஸ்ப்ரே பண்ணும்போது வெளியிலிருந்து காற்று கொடுக்கிற முகமூடி வேண்டும், மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடித்தால் ஆஸ்துமா வரலாம். பக்கத்து வீட்டுச் சுவர் நம் சுவரோடு ஒட்டியிருக்கிற தெருவில், அந்த வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கும்போது, அதைப் புறவாசலில் அடிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. பி.யு. வேண்டும் என்கிறவர்கள் பெயிண்ட் பூத் உள்ள பட்டறைக்குக் கொண்டு போகட்டும். என்.சி.க்கும் கார்பன் முகமூடி கட்டாயம்.

என்.சி.யில் இன்னொரு தொந்தரவு உண்டு. காற்றில் ஈரம் அதிகமான நாளில் அடித்தால் வெள்ளை படரும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகரம் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் இறங்குகிறது. அப்படிப்பட்ட காலையில் கம்பிரஷரை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவது உத்தமம். அப்புறம், தேங்காய் எண்ணெய். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு தொழுவுக்குள் வருகிற யாரையும் வண்டியைத் தொட விடாதீர்கள். ஒரு விரல் பட்ட இடத்தில் பெயிண்ட் விலகி மீன் கண் போல வட்டமாக நிற்கும். வண்டியைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் முதலில் செய்கிற காரியம் பானட்டைத் தடவுவதுதான். வாசலில் கயிறு கட்டும்படி ஆனது.

நிறம் பழைய நிறமேதான். டிக்கி விரிப்புக்கு அடியில் வெயிலே படாத ஒரு மூலையில் ஆலைப் பெயிண்ட் அப்படியே இருந்தது, அதைக் காட்டிக் கலக்கி வாங்கினேன். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். ஏற்கனவே 15 வருஷம் தாண்டிய வண்டி, 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகம் போகத்தான் வேண்டும், அதோடு இன்னொரு மனுவும் எதற்கு? விண்டேஜ் என்று பதிவு செய்யலாமே என்று சிலர் கேட்டார்கள். 2021-ல் வந்த விதிப்படி அதற்கு 50 வயதாக வேண்டும். முதல் கான்டெஸாவுக்கே 2034 வரை காத்திருக்க வேண்டும்.

பெயிண்ட் முடிந்ததும் எல்லாரும் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டார்கள். நான் மறுபடி வண்டிக்கு அடியில் போனேன். ரன்னிங் போர்டுக்குள்ளும் கதவுக்குள்ளும் நீளமான குழாய் வைத்து மெழுகு ஸ்ப்ரே. கழிவு ஆயிலை ஊற்றிவிடும் என்றார் அண்ணாச்சி. மலிவு, துருவையும் ஓரளவு நிறுத்தும். ஆனால் ரப்பர் பீடிங்கைக் கெடுக்கும், வெயிலில் தரையெல்லாம் ஒழுகும். மெழுகு அடித்து இறுகியதும் வடிகால் துளை ஒவ்வொன்றையும் சைக்கிள் ஸ்போக்ஸ் விட்டுக் குத்தித் திறந்தேன். கதவின் மேல்விளிம்பில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் அடியில் வழிந்து போக வேண்டும். போனது. ஐப்பசி பிறக்கும் முன் வருஷாவருஷம் இதைச் செய்தால் போதும். செலவும் இல்லை.

அண்ணாச்சி அதை நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. போன மாதம் அவர் பட்டறைப் பக்கம் போனபோது ஒரு அம்பாசடரின் கதவுக்குக் கீழே உட்கார்ந்து ஸ்போக்ஸால் குத்திக்கொண்டிருந்தார். “இதுக்குத் தனியா கூலி வாங்குதேன்” என்றார்.

பம்பருக்குக் குரோம் பூச்சு பாக்கி இருக்கிறது. இடது பின்விளக்குக் கண்ணாடி எங்கேயும் கிடைக்கவில்லை, இப்போதைக்கு ஒட்டுப் போட்ட கண்ணாடியோடு ஓடுகிறது. இன்ஜின் வேலை இனிமேல்தான். கிளட்ச் தட்டு தேய்ந்திருக்கிறது என்று மெக்கானிக் சொல்கிறார். அது அடுத்த வருஷத்துப் பாடு.